‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்றால் என்ன அர்த்தம்?

அன்புச் சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். கணவருக்கு ஐந்து மாதமாக வேலை இல்லை. குழுக்கடனும் நகைக்கடனும் நிற்கின்றன. மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். ஜெபக்கூட்டத்தில், “ஆகாயத்துப் பறவைகளைப் பாருங்கள், கவலைப்படுவதே அவிசுவாசம்” என்கிறார்கள். ஆயுள் காப்பீட்டுத் தவணையை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைக் காணிக்கையாக ‘விதைத்தால்’ கதவு திறக்கும் என்று ஒருவர் சொல்ல, கணவரும் அரைமனதாகத் தலையாட்டியிருக்கிறார். ‘அன்றாடத் தேவைகளைத் தேவன் உண்மையிலேயே சந்திப்பாரா?’ என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: ராத்திரி தூக்கம் வராமல் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற நான் விசுவாசிதானா? அதை முதலில் சொல்லிவிடுகிறேன். விசுவாசிதான்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரங்களில் (ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளைச் சேகரம் என்போம்) முப்பது வருஷத்துக்கு மேல் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன். இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் படித்தேன், சில காலம் சொல்லியும் கொடுத்தேன். கடன், காப்பீடு விஷயங்களில் நான் நிபுணன் இல்லை. வேதத்தில் என்ன இருக்கிறது என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் வீட்டில் அடுத்த மாதம் என்ன நடக்கும் என்பதை என்னால் சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்கிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

‘கவலைப்படாதிருங்கள்’ என்பது மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் வருகிறது. அங்கே உள்ள கிரேக்கச் சொல்லுக்கு மனம் ஒன்றைப் பற்றியே சுற்றிச்சுற்றி வருவது என்று பொருள். அதே சொல் வேறு இடங்களில் நல்ல அர்த்தத்திலும் வருகிறது. பிலிப்பியர் 2:20இல் பவுல் தீமோத்தேயுவைப் பற்றி, உங்கள் காரியங்களை உண்மையாய் ‘விசாரிக்கிறவன்’ என்று பாராட்டுவது அதே வினைச்சொல்தான். 2 கொரிந்தியர் 11:28இல், எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற ‘கவலை’ தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்கிறார். அது அந்த வினையோடு ஒரே வேரைச் சேர்ந்த பெயர்ச்சொல். கவலை என்றாலே பாவம் என்றால் பவுல் தினமும் பாவம் செய்துகொண்டிருந்தார் என்று ஆகிவிடும். பேதுரு, உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள் என்கிறார். கையில் கவலை இருந்தால்தானே வைக்க முடியும்?

மத்தேயு 6இல் இயேசு பேசிய அந்தப் பேச்சை யார் உட்கார்ந்து கேட்டார்கள் என்பதையும் யோசியுங்கள். ஏரோது அந்திப்பா ஆண்ட கலிலேயா. வரி கட்டுகிறவர்கள், கடன்பட்டவர்கள், அன்றைக்கு வேலை கிடைத்தால் அன்றைக்குச் சாப்பாடு என்று இருந்தவர்கள். அடுத்த வேளையைப் பற்றி யோசிப்பது அவர்களுக்கு மனவியாதியோ பேராசையோ இல்லை, பிழைப்பு. பறவைகள் விதைக்கிறதுமில்லை அறுக்கிறதுமில்லை என்கிறார். வயலில் நிற்கிற ஆண்களுக்கு அது உடனே புரியும். காட்டுப்புஷ்பங்கள் நூற்கிறதுமில்லை என்கிறார்; நூற்பது வீட்டுப் பெண்களின் வேலை. இன்றைக்கு இருந்து நாளைக்கு அடுப்பிலே போடப்படும் புல் என்கிறார். அந்தப் புல்லைச் சேர்த்துக் கட்டித் தூக்கிவந்து அடுப்பை எரித்த கைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கும். அவர்கள் உழைப்பை அவர் கேலி செய்யவில்லை. உழைத்தும் பற்றாமல் நிற்கிறவர்களிடம், இவைகளெல்லாம் உங்களுக்கு வேண்டியவைகள் என்று உங்கள் பரமபிதா அறிந்திருக்கிறார் என்கிறார். உணவும் துணியும் தேவை என்பதை அந்த வசனம் ஒப்புக்கொள்கிறது. ‘உங்களுக்கு எதற்கு இந்த உலக நினைவு’ என்று அது கடிந்துகொள்ளவில்லை.

அந்த அதிகாரத்தைக் கவலைப்படுகிறவர்களை அடிக்கும் பிரம்பாக்கியது பின்னால் வந்த நாங்கள்தான். நாங்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

ஊழியத்துக்கு வந்த மூன்றாவது வருஷம், ஒரு கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தார். வீடு சந்திக்கப் போனேன். 37ஆம் சங்கீதம் வாசித்தேன்: நான் இளைஞனாயிருந்தேன், முதிர்வயதுள்ளவனுமானேன், ஆனாலும் நீதிமான் கைவிடப்பட்டதையும், அவன் சந்ததி அப்பத்துக்கு இரந்து திரிகிறதையும் நான் காணவில்லை. நீளமாக ஜெபம் பண்ணினேன். கண்ணைத் திறந்தபோது அவர்களுடைய சின்ன மகள் பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர், அதன் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சீனி. எனக்குக் காப்பி போடத்தான். பால் இல்லாத கடுங்காப்பி வந்தது. குடித்தேன். “கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, மூத்த பெண் எட்டாம் வகுப்பிலிருந்து நின்று பீடி சுற்றப் போய்விட்டாள் என்று. அந்த மாதம் சேகரத்தின் ஏழைகள் நிதியில் பணம் இருந்தது. நான் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. வஸ்திரமும் அநுதின ஆகாரமும் இல்லாதவர்களிடம் “சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்று சொல்லி அனுப்புகிறவனை யாக்கோபு எழுதுகிறாரே, அந்த இடம் வரும்போதெல்லாம் அந்த டம்ளர்தான் எனக்கு ஞாபகம் வரும்.

நான் அன்றைக்கு லேசாகச் சொன்ன அந்த வாக்கியம் பெரிய வாக்கியம். ‘யேகோவாயீரே’, அதாவது ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’, என்று ஆட்டோவிலும் பலசரக்குக் கடையிலும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆதியாகமம் 22இல் ஈசாக்கு, விறகு இருக்கிறது, ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்கிறான். ஆபிரகாம், தேவன் ‘பார்த்துக்கொள்வார்’ என்கிறான். எபிரெயத்தில் அது ‘பார்’ என்கிற சாதாரண வினைச்சொல்தான். நம் பழைய மொழிபெயர்ப்பு அதைத் தமிழில் அப்படியே பிடித்துவிட்டது. நம்மிடமும் பார்ப்பதுதானே பொறுப்பேற்பதாக மாறுகிறது. “அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” என்று கேட்டால் தூர நின்று கண்ணால் பார்ப்பதை யாரும் கேட்பதில்லை. வேளாவேளைக்குக் கஞ்சி கொடுப்பது யார், மருந்து வாங்குவது யார் என்பதே கேள்வி. பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு நான் பார்க்காமல் கிளம்பிவிட்டேன்.

இனி ‘தருவாரா?’ என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் உறுதியானதும் இருக்கிறது, உறுதியில்லாததும் இருக்கிறது.

கேட்கலாம் என்பது உறுதி. கூச்சப்படாமல், சில்லறைத் தேவைகளையும் கேட்கலாம். கர்த்தருடைய ஜெபத்திலேயே ஆகாரம் இருக்கிறது. மத்தேயுவின்படி: எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும். ‘வேண்டிய’ என்று நாம் மொழிபெயர்த்த கிரேக்கச் சொல் மிக அபூர்வமானது. சுவிசேஷகர்களே உருவாக்கிய சொல்லாக இருக்கலாம் என்று 3ஆம் நூற்றாண்டிலேயே வேத அறிஞர் ஒரிகேன் எழுதினார். இன்றைக்கு உரியதா, நாளைக்கு உரியதா, உயிர்வாழத் தேவையானதா என்று இன்றுவரை அறிஞர்களுக்குள் ஒருமனம் இல்லை. ஜெரோம் வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்தபோது மத்தேயுவில் ஒரு சொல்லும் லூக்காவில் வேறொரு சொல்லும் போட்டார். ஆக, அந்தச் சொல்லின் மேல் பெரிய உபதேசம் கட்டுகிறவர்கள் மணலில் கட்டுகிறார்கள். சந்தேகமே இல்லாத சொல் அதன் பக்கத்தில் இருக்கிறது: ‘எங்களுக்கு’. ‘எனக்கு’ என்று அந்த ஜெபத்தில் எங்குமே வருவதில்லை. உங்கள் வீட்டு அரிசிப்பானைக்காக, உங்களைத் தெரியாத ஒருவர் ஒவ்வொரு ஞாயிறும் ஜெபம் செய்துகொண்டிருக்கிறார். அதில் ‘எங்களுக்கு’ என்று சொல்லிவிட்டு உங்கள் பானையைப் பற்றி அவர் கேட்காமல் இருப்பது அவருடைய ஜெபத்தில் உள்ள ஓட்டை.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த ஆகாரமான மன்னாவின் கதையிலும் இதுதான். தலைக்கு ஒரு ஓமர் என்ற அளவு. அதிகமாய்ச் சேர்த்தவனுக்கு மீதியானதுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவானதுமில்லை. மறுநாளுக்கு வைத்தது பூச்சி பிடித்து நாறிற்று. இதை வைத்துச் சேமிப்பே கூடாது என்று பிரசங்கிக்கிறவர்கள் உண்டு. ஆனால் அதே ஐந்தாகமத்தில் கொஞ்சம் முன்னால் போனால், விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை ஏழு வருஷம் களஞ்சியத்தில் சேர்த்து எகிப்தையும் தன் சொந்தக் குடும்பத்தையும் யோசேப்பு காப்பாற்றுகிறான். அதையும் தேவனுடைய வழிநடத்துதல் என்றுதான் வேதம் சொல்கிறது. இந்த ஓமர் வசனத்தைப் பவுல் எங்கே எடுத்துப் போடுகிறார் என்று பாருங்கள். 2 கொரிந்தியர் 8இல், எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் திரட்டும்போது. வனாந்தரத்தில் வானத்திலிருந்து விழுந்தது இப்போது உங்கள் கையிலிருந்து அவர்களுக்குப் போகட்டும் என்கிற மாதிரி. ‘சிறுக விதைக்கிறவன் சிறுக அறுப்பான்’ என்று உங்களுக்கு வாசித்துக் காட்டினார்களே, அதுவும் இதே நிதி திரட்டலில், அடுத்த அதிகாரத்தில் வருகிற வசனம். இல்லாதவர்களுக்குக் கொடுக்கும்படி இருக்கிறவர்களிடம் சொன்னது. அதைத் திருப்பிப் பிடித்து, வேலையில்லாத வீட்டிலிருந்து பணம் வாங்க உபயோகிப்பதை நான் மரியாதையாகச் சொல்ல முயன்றும் ஒரு வார்த்தைதான் அகப்படுகிறது: அநியாயம்.

பத்தில் ஒரு பங்கான தசமபாகம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தசமபாகங்களைப் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்ற மல்கியா 3:10 எல்லாருக்கும் மனப்பாடம். உபாகமம் 14ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்கள் அப்படி இல்லை. மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. பண்டசாலை நிறைந்தது ஜனங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கத்தான். புதிய ஏற்பாட்டுச் சபைக்குப் பத்தில் ஒன்று கட்டாயமா என்பதில் நல்ல விசுவாசிகளுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. நான் கட்டாயமில்லை என்கிற பக்கம். ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும் 2 கொரிந்தியர் 8:12 ஒன்றுதான்: ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும். இந்த ஐந்து மாதமும் நீங்கள் வாங்குகிற பக்கத்தில் இருக்கிறீர்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கொடுக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் ஒரு பிடி அரிசி போதும். எங்கள் அம்மா உலை வைக்குமுன் ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். இந்தக் கைப்பிடி அரிசியை வைத்தே மிசோரம் சபைப் பெண்கள் ஊழியர்களையே தாங்கியிருக்கிறார்கள். கஷ்டகாலத்தில் எங்கள் டப்பா கோவிலுக்குப் போகாமல் பக்கத்து வீட்டுக்குப் போனதும் உண்டு. அப்பா கேட்டதற்கு, “ரெண்டும் ஒரே இடம்தான்” என்றார் அம்மா.

காப்பீட்டை நிறுத்துவது விசுவாசச் செயலா என்றால், இல்லை. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சொன்னவன் யார் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு இயேசு சொன்ன பதில், உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக. கையில் உள்ள பாதுகாப்பை வேண்டுமென்றே வெட்டிவிட்டு, இப்போது காட்டும் என்று தேவனை மடக்குவது அந்தக் குதிப்பின் வகையைச் சேர்ந்தது. ஸ்காட்லாந்தில் இறந்துபோன ஆயர்களின் மனைவி மக்களுக்காக 1744இல் கணக்குப் போட்டு ஒரு நிதியை அமைத்தவர்கள் ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரண்டு ஆயர்கள். ஆயுள் காப்பீட்டின் வரலாற்றில் அது ஒரு மைல்கல். திருநெல்வேலித் திருச்சபையிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே விதவைகள் நிதி இருந்தது. தன் வீட்டாரை விசாரியாமற்போகிறவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்ற 1 தீமோத்தேயு 5:8ஐ அவர்கள் அப்படிப் புரிந்துகொண்டார்கள். சரி, கட்டவே முடியவில்லை என்றால்? அது வேறு விஷயம், அதில் பாவபுண்ணியம் இல்லை. மாதத் தவணைக்குப் பொதுவாக 15 நாள் சலுகை உண்டு. காலாவதியானாலும் புதுப்பிக்க வழி இருக்கும். உங்கள் பாலிசி எந்த வகை என்று தெரியாமல் இதற்குமேல் நான் பேசக்கூடாது. அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

ஜார்ஜ் முல்லரைப் பற்றி உங்கள் கூட்டத்தில் சொன்னார்களாம். நல்ல உதாரணம்தான், ஆனால் பாதியைச் சொல்லி விடுகிறார்கள். 1836இல் பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு வீடு தொடங்கி, பிறகு ஐந்து பெரிய கட்டடங்களில் ஒரே சமயத்தில் 2,000 பிள்ளைகளுக்கு மேல் இடம் கொடுத்தவர். யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பது அவர் பிடிவாதம். வந்த காசையெல்லாம் எழுதிவைத்து வருஷாவருஷம் அறிக்கை அச்சிட்டு வெளியிட்டதும் அவரேதான். அந்த அறிக்கைகளை வாசித்தவர்கள் கொடுத்தார்கள். ஜெபத்தினால் வந்ததா, அறிக்கையினால் வந்ததா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி புரிகிறது, ஆனால் இரண்டையும் பிரிக்க முடியும் என்று தோன்றவில்லை. நம் பக்கத்தில் டோனாவூரில் மிஷனெரி ஏமி கார்மைக்கேலும் பணம் கேட்பதில்லை என்ற வழியில்தான் போனார். 1901 தொடங்கி பிள்ளைகளைச் சேர்த்து, 1951இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். இவர்கள் இருவரும் தாங்களாக ஏற்றுக்கொண்ட விசேஷ அழைப்பு அது. பள்ளிக் கட்டணத்துக்குத் திணறுகிற ஒரு தாய், யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தால்தான் விசுவாசம் என்று அதிலிருந்து சட்டம் எழுதக் கூடாது. எலியாவுக்குக் காகம் கொண்டுவந்தது உண்மை. அந்த ஆறு வற்றியதும், சாறிபாத்தில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு ஏழை விதவையிடம் போய்த் தண்ணீரும் அப்பமும் வாய்விட்டுக் கேட்டதும் அதே எலியாதான்.

உறுதியில்லாததையும் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட தேதிக்குள் குறிப்பிட்ட தொகை வரும் என்ற வாக்குத்தத்தம் வேதத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. நீதிமான் கைவிடப்பட்டதைக் காணவில்லை என்று அந்த 37ஆம் சங்கீதத்தில் தாவீது பாடினார், நான் கண்டிருக்கிறேன். நல்ல விசுவாசிகள் பசியோடு படுத்ததைக் கண்டிருக்கிறேன். பவுலும் பசியிலும் தாகத்திலும் குளிரிலும் நிர்வாணத்திலும் இருந்தேன் என்று எழுதுகிறார், எபிரெயர் 11 குறைவை அநுபவித்த விசுவாச வீரர்களைப் பட்டியலிடுகிறது. ஏன் சிலருக்கு அந்தச் சாறிபாத் விதவையைப் போல எண்ணெய் குறையாமல் வருகிறது, சிலருக்கு ஆறு வற்றுகிறது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. முப்பது வருஷத்தில் நான் கேட்ட பதில்களும் சவஅடக்க வீட்டில் நிற்கவில்லை. என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும் என்ற நீதிமொழிகள் 30இன் ஜெபத்தைத்தான் நான் அதிகம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். படியளக்கிறவர் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்? அளந்து கொடுத்தால் போதும், ஐசுவரியமும் வேண்டாம் தரித்திரமும் வேண்டாம் என்கிறது அது. தரித்திரம் வந்தால் திருடிவிடுவேனோ என்கிற பயத்தையும் மறைக்காமல் சொல்கிறது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், சபையில் நம்பிக்கையான இரண்டு பேரிடம் தொகையோடு சொல்லுங்கள். “கஷ்டமாக இருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்றால் ஜெபம்தான் கிடைக்கும். பள்ளியில் கட்டணத்தைத் தவணையாகக் கட்ட எழுதிக் கேளுங்கள். 2 இராஜாக்கள் 4இல் கடன்காரனுக்குப் பயந்த விதவைக்கு எண்ணெய் பெருகியபோது எலிசா சொன்ன முதல் காரியம், அதை விற்றுக் கடனைத் தீர் என்பது. காணிக்கை என்ற பேச்சே அங்கே இல்லை. எந்தக் கடனுக்கு வட்டி அதிகம் என்று பார்த்து அதை முதலில் குறையுங்கள். ஜெபமும் பண்ணுங்கள், வேலை செய்துகொண்டே பண்ணினாலும் போதும். பீடி சுற்றும் ஒரு அம்மா என்னிடம், “ஐயா, நீங்க ஜெபம் பண்ணுங்க, நான் இலை வெட்டிக்கிட்டே ஆமென் சொல்றேன், சாயங்காலம் கட்டு கணக்கு கொடுக்கணும்” என்றார். கத்தரிச் சத்தத்தோடு வந்த அந்த ஆமென் போல இன்னொன்றை நான் கேட்டதில்லை.

கணவரைப் பற்றி ஒன்று. நீங்கள் அதிகம் எழுதவில்லை, ஆனால் அவர் ஜெபக்கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்திருக்கிறார் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவுங்கூடாது என்ற வசனத்தை யாராவது அவர் காதில் போட்டிருக்கலாம். அதில் ‘மனதில்லாதவன்’ என்றிருக்கிறது, வேலை கிடைக்காதவனைப் பற்றி அது பேசவில்லை. அவரோடு சேர்ந்து மத்தேயு 20ஐ வாசியுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கும் கடைத்தெருவில் நிற்கிற ஆட்களிடம், பகல் முழுவதும் இங்கே சும்மா நிற்கிறதென்ன என்று எஜமான் கேட்கிறான். “ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை” என்கிறார்கள். அவன் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர்களைத் தோட்டத்துக்கு அனுப்பி, இருட்டினதும் முதலில் அவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு பணம் கொடுத்தான். அந்தக் காலத்தில் அது ஒரு முழு நாள் கூலி, ஒரு வீட்டுக்கு அன்றைக்கு அடுப்பெரியப் போதுமானது.